ஜெனரல் ஸ்டைன்மெட்ஸை ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள்?

1870 செப்டம்பர் நடுப்பகுதி. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யாவிடம் செடானில் சரணடைந்து இரண்டு வாரம்தான் ஆகியிருக்கிறது. பிரான்ஸின் இன்னொரு பெரிய சேனை மெட்ஸ் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, பிரஷ்யப் படைகள் அதைச் சுற்றி வளைத்து உட்கார்ந்திருக்கின்றன. எல்லாம் ஜெயமாகப் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில் பிரஷ்யாவின் முதல் சேனைத் தளபதி கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஃபான் ஸ்டைன்மெட்ஸ் போர்முனையிலிருந்து எடுக்கப்பட்டு, நாட்டின் மறுகோடியில் இருக்கும் போஸன் நகருக்கு கவர்னர் ஜெனரலாக அனுப்பப்பட்டார். பெயருக்குத்தான் புதிய பதவி. போர் நடக்கும்போது களத்திலிருந்து 73 வயதுத் தளபதியை உள்நாட்டு நிர்வாகத்துக்கு அனுப்பினால் அதற்கு என்ன பொருள் என்பது அன்றைக்கு ராணுவத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நான்கு வருடம் முன்பு இதே மனிதரை "நாஹோட்டின் சிங்கம்" என்று நாடே கொண்டாடியது. ஆஸ்திரியாவோடு நடந்த போரில் மூன்று நாளில் மூன்று சண்டை, மூன்றிலும் வெற்றி. அப்படிப்பட்டவருக்கு நான்கே வருடத்தில் என்ன ஆயிற்று? வழக்கமாகச் சொல்லப்படும் பதில் சுருக்கமானது: கிழவனுக்குப் பிடிவாதம், க்ராவலோட்டில் ஒரு பள்ளத்தாக்குக்குள் ஆட்களைத் தள்ளிச் சாகடித்தார், அதனால் நீக்கினார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அவருடைய வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால், 1866-ல் ஜெயித்ததும் 1870-ல் சொதப்பியதும் ஒரே ஆள், ஒரே குணம், கிட்டத்தட்ட ஒரே மாதிரியான முடிவுகள் என்பது தெரியும். மாறியது அவர் உட்கார்ந்த நாற்காலியும் எதிரியின் கையில் இருந்த துப்பாக்கியும். அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தவர்களுக்கு அவரைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு இந்த விஷயத்தில் உறுத்துவது அதுதான்.

பசியில் வளர்ந்த பையன்

1796 டிசம்பர் 27, ஐசனாக் நகரில் பிறப்பு. பிரபுக் குடும்பம்தான், ஆனால் காசு கிடையாது. 1806-ல் நெப்போலியனிடம் பிரஷ்யா நொறுங்கிப்போனது, அடுத்த வருட ஒப்பந்தத்தில் நாட்டில் ஏறக்குறைய பாதி கையை விட்டுப் போனது. அந்த 1807-ல்தான் பத்து வயதுப் பையனாக போமரேனியாவின் ஸ்டோல்ப் கேடட் பள்ளியில் சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர்கள் நாட்டுக்குள் உட்கார்ந்திருந்த காலம், பள்ளியில் வறுமை தாண்டவமாடியது. இந்தப் பின்னணியை மறந்துவிட்டு அவரைப் புரிந்துகொள்ள முடியாது. பிரெஞ்சுக்காரனிடம் தோற்பது என்றால் என்ன என்பது அவருக்குச் சாப்பாட்டுத் தட்டிலேயே தெரிந்த விஷயம்.

1813-ல் விடுதலைப் போர் தொடங்கியதும் அவரும் அண்ணனும் பிரெஞ்சுக் காவல் நிலைகளைத் தாண்டி பிரெஸ்லாவுக்குப் போய்ப் படையில் சேர்ந்தார்கள். பதினாறு வயதில் இரண்டாம் லெஃப்டினன்ட். ப்ளூஷர் ஹுசார் குதிரைப்படையில் சேர ஆசைப்பட்டார், நடக்கவில்லை, யார்க் என்ற தளபதியின் கோரில் (பெரிய படைப்பிரிவில்) காலாட்படையிலேயே இருக்க வேண்டியதாயிற்று. 1813, 1814 இரண்டு வருடமும் சண்டையிலேயே கழிந்தன. காயம் பட்டார், இரும்புச் சிலுவை வாங்கினார், அண்ணனை அந்தப் போரில் இழந்தார். பாரிஸ் வரை போய்விட்டுத் திரும்பியபோது அவருக்கு இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை.

அப்புறம் வந்தது நீளமான அமைதிக்காலம். பெர்லின் ராணுவ உயர்பள்ளியில் 1820 முதல் 1824 வரை படிப்பு, பிறகு நில அளவைப் பிரிவில் வேலை. அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த மியூஃப்லிங் அவரைப் பற்றி எழுதிய மதிப்பீட்டின் சாரம் இது: ஆள் கெட்டிக்காரன், ஆனால் கர்வம் அதிகம், தட்டிக்கொடுத்தால்கூட யாரோ தன்னைக் கீழே வைத்துப் பார்ப்பதாக எடுத்துக்கொள்கிறான். இருபதுகளில் இருந்த ஒரு அதிகாரியைப் பற்றி எழுதிய இந்த வரிகளை 1870-ல் யாராவது எடுத்துப் படித்திருந்தால் நல்லது.

1825-ல் சித்தப்பா முறை வரும் லெஃப்டினன்ட் ஜெனரல் ஒருவரின் மகள் ஜூலியைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனாரும் ஸ்டைன்மெட்ஸ் என்ற அதே குடும்பப் பெயர்க்காரர்தான். இந்தத் தொடர்பு இருந்தும் பதவி உயர்வு நத்தை வேகத்தில்தான் வந்தது. பயிற்சி முறைகளைப் பற்றி மேலதிகாரிகளோடு ஓயாத தகராறு. மேஜர் ஆவதற்குள் நாற்பதைத் தாண்டிவிட்டார். 1848-ல் டேனிஷ்காரர்களுக்கு எதிரான போரில் ஷ்லெஸ்விக் சண்டையில் நன்றாகச் செய்து "பூர் ல மெரித்" விருது வாங்கினார். அதன்பின் பெர்லின் கேடட் கோரின் பொறுப்பு. மேஜர் ஜெனரல் பதவி 1854-ல்தான் வந்தது, சேர்ந்து நாற்பது வருடம் கழித்து. அதே வருடம் எஞ்சியிருந்த ஒரே மகளும் இறந்துபோனாள். பின்னாளில் மனைவியும் போய்விட்டார். 1864-ல் காலாட்படை ஜெனரல் ஆகி, போஸனில் 5-வது கோரின் தளபதியானபோது அவருக்கு உலகத்தில் ராணுவத்தைத் தவிர வேறு பெரிதாக எதுவும் இல்லை.

கடுமையானவர் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. தன் ஆட்களைக் கசக்கிப் பிழிந்து பயிற்சி கொடுத்தார். ஆனால் அதே ஆட்கள் அவரை நம்பினார்கள் என்பதும் உண்மை, அது 1866-ல் தெரிந்தது.

மூன்று நாள்: 1866 ஜூன் 27, 28, 29

ஆஸ்திரியாவோடு போர். முடியிளவரசர் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்மின் இரண்டாம் சேனை சிலேசியாவிலிருந்து மலைகளைக் கடந்து பொஹீமியாவுக்குள் இறங்க வேண்டும். மலைக் கணவாய்கள் குறுகலானவை, ஒவ்வொரு கோரும் தனித்தனி வழியாகத்தான் போக முடியும். ஒரு கோர் என்றால் ஏறக்குறைய 30,000 பேர், அவர்களுடைய குதிரைகள், பீரங்கிகள், வண்டிகள். இவ்வளவும் ஒற்றைச் சாலையில் வரிசையாக வரும்போது முன்னால் இருப்பவன் எதிரியைச் சந்தித்துவிட்டால் பின்னால் இருப்பவன் வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் எதிரி முன்வரிசையை நசுக்கிவிட்டால் கதை முடிந்தது.

ஸ்டைன்மெட்ஸுக்குக் கிடைத்தது நாஹோட் வழி. நகரத்தைத் தாண்டிச் சாலை மேலே ஏறி வென்ஸல்ஸ்பர்க் மேட்டுநிலத்துக்குப் போகிறது. அந்த மேட்டை யார் முதலில் பிடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் சாதகம். ஜூன் 27 காலையில் லோவன்ஃபெல்ட் தலைமையிலான முன்னணிப்படை மேலே ஏறியது, எதிர்ப்பக்கத்திலிருந்து ராம்மிங்கின் ஆஸ்திரிய 6-வது கோர் வந்தது. ஆறேழு பட்டாலியன்களை வைத்துக்கொண்டு பிரஷ்யர்கள் பல மடங்கு கூட்டத்தை மணிக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள்.

அது எப்படி முடிந்தது என்பதற்கு முக்கியமான விடை ட்ரைசே ஊசித் துப்பாக்கி. ஆஸ்திரியர்கள் வைத்திருந்த லோரன்ஸ் துப்பாக்கி தூரம் போகும், குறியும் நன்றாக இருக்கும், ஆனால் குழலின் வாயில் மருந்தும் குண்டும் போட்டு இடிக்க வேண்டும். அதற்கு எழுந்து நிற்க வேண்டும், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் சுட முடியும். ஊசித் துப்பாக்கியைப் பின்பக்கமாகத் திறந்து படுத்தபடியே நிரப்பலாம், வேகமும் மூன்று நான்கு மடங்கு. ஆஸ்திரியத் தளபதிகள் தங்கள் ஆட்களை நெருக்கமான அணிகளாகத் துப்பாக்கிக் கத்தியோடு ஓடவிட்டார்கள். படுத்திருந்த பிரஷ்யன் அவர்களைக் கிட்டே வரவிட்டுச் சுட்டான். பின்னால் வரிசையாக வந்த பிரிகேட்களை ஸ்டைன்மெட்ஸ் வந்த வேகத்திலேயே மேட்டில் ஏற்றிவிட்டார். மாலைக்குள் ராம்மிங் பின்வாங்கினார். பிரஷ்ய இழப்பு சுமார் 1,100 பேர், ஆஸ்திரிய இழப்பு 5,000-க்கும் மேல்.

அதே ஜூன் 27-ல் வடக்கே வேறொரு கணவாயில் பிரஷ்யாவின் 1-வது கோர் ட்ராட்டனாவில் அடிவாங்கித் திரும்பி ஓடியது. அதன் தளபதி போனினிடமும் இதே ஊசித் துப்பாக்கிதான் இருந்தது. அதனால் எல்லாப் பெருமையும் துப்பாக்கிக்கே என்று சொல்லிவிட முடியாது. மேட்டைப் பிடி, விடாதே, வருகிற ஆட்களை உடனே உள்ளே போடு என்ற பிடிவாதம் ஸ்டைன்மெட்ஸுடையது.

மறுநாள் ஸ்காலிட்ஸ். போனின் தோற்றதால் உதவிக்கு வருவதாக இருந்த கார்ட்ஸ் கோர் (மன்னரின் காவல் படை) அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இன்னொருவராக இருந்தால் ஒருநாள் பொறுத்திருப்பார், ஸ்டைன்மெட்ஸ் போனார். ஆஸ்திரியப் பக்கத்தில் தலைமைத் தளபதி பெனடெக் அன்று காலை ஸ்காலிட்ஸுக்கே வந்து பார்த்துவிட்டு, இங்கே பெரிய சண்டை வேண்டாம், பிற்பகலில் கிளம்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் ஃப்ராக்னர்ன் என்ற பிரிகேட் தளபதி தானாகவே காட்டுக்குள் இருந்த பிரஷ்யர்கள்மீது பாய்ந்து செத்துப்போனார், அவரைத் தொடர்ந்து போன க்ரைஸர்னும் செத்தார். ஆர்ச்டியூக் லியோபோல்டின் 8-வது கோர் உடைந்தது. பிரஷ்யாவுக்கு இழப்பு 1,300 சொச்சம், ஆஸ்திரியாவுக்கு 5,500-ஐ ஒட்டி. மூன்றாம் நாள் ஷ்வைன்ஷேடலில் ஃபெஸ்டெடிக்ஸின் 4-வது கோர்மீது இன்னொரு வெற்றி.

ஆக, 69 வயதில், ஒரு கோரை வைத்துக்கொண்டு, மூன்று நாளில் மூன்று ஆஸ்திரியக் கோர்கள். இரண்டாம் சேனை மலையைத் தாண்டி இறங்கியதற்கும், ஜூலை 3-ல் போரைத் தீர்மானித்த கோனிக்ரேட்ஸ் களத்துக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்ததற்கும் இந்த மூன்று நாள் ஒரு முக்கியக் காரணம். கறுப்புக் கழுகு விருது கிடைத்தது. 1867-ல் பிரஷ்ய நாடாளுமன்றம் வெற்றிக்காக ஒதுக்கிய 15 லட்சம் தாலர் பரிசை ஆறு பேருக்குப் பங்கிட்டார்கள்: பிஸ்மார்க், ரோன், மோல்ட்கே, ஹெர்வார்த், ஃபோகல் ஃபான் ஃபால்கன்ஸ்டைன், ஸ்டைன்மெட்ஸ். கேடட் பள்ளியில் வறுமையில் வளர்ந்தவருக்கு 2 லட்சம் தாலர். வட ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார், மறுமணமும் செய்துகொண்டார்.

இந்த மூன்று சண்டையிலும் அவர் செய்த வேலை என்ன வகை என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரே கோர், ஒரே சாலை, கண்ணெதிரே எதிரி. பக்கத்தில் இருப்பவர்களோடு நிமிடத்துக்கு நிமிடம் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. முன்னே போகாமல் நின்றால்தான் ஆபத்து. இப்படிப்பட்ட வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் அன்றைய பிரஷ்யாவில் இல்லை என்றே சொல்வேன்.

1870: யாருக்கு எந்த நாற்காலி

ஜூலை 1870-ல் பிரான்ஸோடு போர் வந்ததும் மூன்று சேனைகள் உருவாயின. இரண்டாம் சேனை இளவரசர் ஃப்ரீட்ரிஷ் கார்லிடம், மூன்றாம் சேனை முடியிளவரசரிடம். இருவரும் அரச குடும்பம், ஒருவருக்கு 42 வயது, இன்னொருவருக்கு 38. இருப்பதிலேயே சிறிய முதல் சேனையை ஸ்டைன்மெட்ஸிடம் கொடுத்தார்கள். அவர் மன்னர் வில்ஹெல்மைவிடவே மூன்று மாதம் மூத்தவர். படைத் திட்டங்களை வகுக்கும் ஜெனரல் ஸ்டாஃப் தலைவர் மோல்ட்கே அவருக்கு நான்கு வயது இளையவர்.

இது தவிர்க்க முடியாத நியமனம் ஒன்றும் இல்லை. ஹெர்வார்த் ஃபான் பிட்டன்ஃபெல்ட் என்ற இன்னொரு மூத்த தளபதியும் 1796-ல் பிறந்தவர்தான், 1866-ல் எல்ப் சேனை முழுவதையும் நடத்தியவர், அதாவது ஸ்டைன்மெட்ஸைவிடப் பெரிய பொறுப்பு. அவரை 1870-ல் களத்துக்கே அனுப்பாமல் ரைன் பகுதிக்கு கவர்னர் ஜெனரலாக வைத்துவிட்டார்கள். ஃபால்கன்ஸ்டைனைக் கடற்கரைப் பாதுகாப்புக்கு அனுப்பினார்கள். பரிசு வாங்கிய மூன்று கிழத் தளபதிகளில் இரண்டு பேரை மரியாதையாக ஒதுக்கத் தெரிந்த அரசுக்கு மூன்றாமவரை ஒதுக்க மனம் வரவில்லை. நாஹோட் பெயர் அவ்வளவு பெரிது, மன்னருக்கும் அவர்மீது பிரியம் இருந்தது.

இந்தப் போரில் மோல்ட்கேயின் முறை முழுக்க ஒத்திசைவை நம்பி இருந்தது. பெரிய சேனைகளைத் தனித்தனிச் சாலைகளில் நகர்த்தி, சண்டை நாளில் பல பக்கத்திலிருந்தும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது. கீழே இருப்பவர்களுக்கு இலக்கை மட்டும் சொல்வார், வழியை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சுதந்திரம் நல்லதுதான், ஆனால் மொத்தத் திட்டத்தில் நம் பங்கு என்ன என்பது அந்தத் தளபதிக்குப் புரிந்திருக்க வேண்டும், அது சின்னப் பங்காக இருந்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டைன்மெட்ஸால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சின்ன சேனையைக் கொடுத்து, இளவரசரின் பெரிய சேனைக்குப் பக்கவாட்டில் காத்திரு என்று சொன்னதை அவர் அவமானமாகவே எடுத்துக்கொண்டார். மியூஃப்லிங் எழுதியது நினைவிருக்கிறதா? நாற்பத்தைந்து வருடம் கழித்தும் ஆள் மாறவே இல்லை.

ஆகஸ்ட் தொடக்கத்திலேயே மோதல் வெடித்தது. இரண்டாம் சேனை முன்னேறுவதற்காகச் சில சாலைகளைக் காலி செய்யும்படி மோல்ட்கே சொன்னார். ஸ்டைன்மெட்ஸ் மன்னருக்கே தந்தி அடித்து முறையிட்டார், பிறகு தன் படையை ஒதுக்கியபோது அவர் போன திசை ஸார்ப்ரூக்கன், அதாவது இரண்டாம் சேனை போக வேண்டிய பாதைக்குக் குறுக்கே. ஆகஸ்ட் 6-ல் அவருடைய முன்னணி டிவிஷனின் தளபதி காமெக்கே, பிரெஞ்சுக்காரர்கள் பின்வாங்குகிறார்கள் என்று நினைத்து ஸ்பிஷெரன் குன்றுகள்மீது ஏறினார். அவர்கள் பின்வாங்கவில்லை. பிரெஞ்சுத் தளபதி ஃப்ரோஸாரின் கோர் முழுசாக மேலே உட்கார்ந்திருந்தது. முன்னால் நின்று ஆட்களை அழைத்துப் போன ஜெனரல் ஃப்ரான்ஸுவா சிவப்புக் குன்றில் குண்டடிபட்டு இறந்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்ட இடத்தை நோக்கி இரண்டு சேனைகளின் படைகளும் கலந்துகட்டி ஓடிவந்து எப்படியோ சமாளித்தன. பிரஷ்ய இழப்பு 4,800-க்கும் மேல், ஃப்ரோஸாரின் இழப்பு 4,000 அளவில். வெற்றி என்று அறிவிக்கலாம், அறிவித்தார்கள். ஆனால் பிரெஞ்சுப் படையை ஸார் நதிக்கரையில் இழுத்துப் பிடித்துப் பக்கவாட்டில் சுற்றி வளைக்கும் மோல்ட்கேயின் எண்ணம் அன்றோடு போயிற்று. மாலையில்தான் ஸ்டைன்மெட்ஸ் களத்துக்கே வந்து சேர்ந்தார், அந்தத் தாக்குதல் உத்தரவு அவருடையதும் இல்லை. ஆனால் படையை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது அவர்தான்.

எட்டு நாள் கழித்து மெட்ஸுக்குக் கிழக்கே அவருடைய கோல்ட்ஸ் என்ற பிரிகேட் தளபதி மேலிடத்து உத்தரவில்லாமல் பின்வாங்கும் பிரெஞ்சுப் படைமீது பாய்ந்து ஒரு முழுச் சண்டையை மூட்டிவிட்டார். ஸ்டைன்மெட்ஸுக்குக் கடும் கோபம். படைகளைப் பின்னுக்கு இழுக்கச் சொன்னார். மன்னரும் மோல்ட்கேயும் அந்தச் சண்டையை ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் பிரெஞ்சுத் தளபதி பஸேன் மொஸெல் நதியைக் கடப்பது அதனால் தாமதமாயிற்று. தனக்கு எடுத்துக்கொண்ட சுதந்திரத்தைத் தனக்குக் கீழே இருப்பவருக்குக் கொடுக்க அவர் தயாராக இல்லை. இது எனக்கு அவரிடம் பிடிக்காத விஷயம்.

மான்ஸ் பள்ளத்தாக்கு, ஆகஸ்ட் 18

இந்த நாளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பஸேனின் சேனை மெட்ஸுக்கு மேற்கே, வடக்கில் சான் ப்ரிவா கிராமத்திலிருந்து தெற்கே மொஸெல் பக்கம் வரை ஒரு நீள மேட்டில் நின்றது. தெற்குக் கோடியில், புவான் து ஜூர் என்ற இடத்தில், மறுபடியும் ஃப்ரோஸார். அவர் அடிப்படையில் பொறியாளர், மேட்டில் அழகாகப் பதுங்குகுழி தோண்டி வைத்திருந்தார். அவருக்கு எதிரே க்ராவலோட் கிராமம். இரண்டுக்கும் நடுவில் மான்ஸ் ஓடை, அதன் இருபக்கமும் செங்குத்தான, காடடர்ந்த சரிவு. பெரிய சாலை ஒன்றே ஒன்று. கிராமத்திலிருந்து பள்ளத்துக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபக்கம் சான் உபேர் பண்ணையைத் தொட்டு மேலே ஏறுகிறது. பீரங்கியோ குதிரைப்படையோ போக வேண்டுமானால் அந்தச் சாலையை விட்டால் வழி கிடையாது.

அன்றைய திட்டத்தில் முதல் சேனைக்குக் கொடுக்கப்பட்ட வேலை, எதிரியை இந்தப் பக்கம் கட்டிப்போட்டு வைப்பது. அடி வடக்கிலிருந்து, இரண்டாம் சேனையிலிருந்து வரும். அதுவரை பீரங்கியை மட்டும் பயன்படுத்து, பெரிய படையைக் காட்டாதே என்று தெளிவாகவே சொல்லப்பட்டிருந்தது. நண்பகலில் வடக்கே பீரங்கிச் சத்தம் கேட்டது. முதல் சேனையின் பீரங்கிகளும் ஆரம்பித்தன. க்ருப் எஃகுப் பீரங்கிகள் பிரெஞ்சுப் பீரங்கிகளைவிட எவ்வளவோ மேல், அந்தப் பகுதி வேலை நன்றாகவே நடந்தது. கோபனின் 8-வது கோர் காலாட்படை காட்டு வழியாக ஏறிப் பெரும் இழப்புக்குப் பிறகு மூன்று மணி வாக்கில் சான் உபேர் பண்ணையைப் பிடித்தது.

இங்கேதான் ஸ்டைன்மெட்ஸ் தவறு செய்தார். பிரெஞ்சுத் துப்பாக்கிச் சத்தம் குறைந்ததைப் பார்த்து, எதிரி உடைந்து ஓடுகிறான், துரத்த வேண்டிய நேரம் இது என்று முடிவு கட்டினார். நாலு மணி அளவில் 7-வது கோரின் பீரங்கிகளையும் ஹார்ட்மனின் முழுக் குதிரைப்படை டிவிஷனையும் அந்த ஒற்றைச் சாலை வழியாக மறுபக்கம் போகச் சொன்னார். துரத்துவதற்குத்தான் குதிரைப்படை. ஆனால் துரத்துவதற்கு ஓடுகிறவன் யாரும் இல்லை. ஃப்ரோஸாரின் ஆட்கள் குழிக்குள் படுத்தபடி காத்திருந்தார்கள்.

அவர்கள் கையில் இருந்தது ஷஸ்போ என்ற பிரெஞ்சுத் துப்பாக்கி. அதன் குறிபார்க்கும் அளவு 1,200 மீட்டர் வரை போகும், ஊசித் துப்பாக்கிக்கு 600 மீட்டர்தான். 1866-ல் ஸ்டைன்மெட்ஸின் ஆட்கள் ஆஸ்திரியர்களுக்கு என்ன செய்தார்களோ அதையே இப்போது பிரெஞ்சுக்காரன் அவருடைய ஆட்களுக்குச் செய்தான். பள்ளத்திலிருந்து தலை தூக்கிய பீரங்கி அணிகளில் குதிரைகளும் ஆட்களும் சில நிமிடத்தில் சரிந்தார்கள். மறுகரையில் நிலைகொள்ள முடிந்தவை ஒருசில பீரங்கி அணிகளே. குதிரைப்படையில் 4-வது உலான் ரெஜிமென்ட் மேலே போய், தாக்க ஒருவரும் இல்லாமல், திறந்த வெளியில் குண்டடிபட்டு நின்றது. கீழே சாலையில் முன்னேறும் காலாட்படை, இறங்கும் பீரங்கி வண்டிகள், திரும்பிவரும் காயம்பட்டவர்கள், திரும்பச் சொல்லப்பட்ட குதிரைகள் எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. திருவிழா அன்று ஒற்றைச் சந்துக்குள் எதிரெதிரே இரண்டு ஊர்வலம் முட்டிக்கொண்டது போல, ஒரு வித்தியாசம், இங்கே மேலிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் எதிர்த்தாக்குதல் நடத்தியதும் பீதி பரவியது. ஆட்கள் கூட்டம் கூட்டமாக க்ராவலோட் வழியாகப் பின்னால் ஓடினார்கள், அதை மன்னர் வில்ஹெல்மே நேரில் பார்த்தார், ஓடியவர்களைத் திட்டவும் செய்தார். இத்தனைக்கும் பிறகு, இருட்டும் நேரத்தில், நீண்ட நடைப்பயணம் முடித்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த ஃப்ரான்செக்கியின் 2-வது கோரையும் அதே பள்ளத்துக்குள் இறக்கினார்கள். அரைகுறை வெளிச்சத்தில் புதிதாக வந்தவர்கள் சான் உபேர் பக்கம் இருந்த தங்கள் ஆட்களையே சுட்டார்கள். புவான் து ஜூர் விழவில்லை. சண்டையை முடித்தது வடக்குதான்: பிரஷ்யாவோடு சேர்ந்து போரிட்ட சாக்ஸனியர்களும் கார்ட்ஸும் இருட்டும் வேளையில் சான் ப்ரிவாவைப் பிடித்தார்கள், பஸேன் மெட்ஸுக்குள் ஒதுங்கினார். அன்றைய ஜெர்மன் இழப்பு 20,000-க்கும் மேல், பிரெஞ்சு இழப்பு 12,000 சொச்சம்.

பொறுப்பு யாருடையது

நாலு மணி உத்தரவு ஸ்டைன்மெட்ஸின் தவறு, அதில் சமாதானம் சொல்ல இடமில்லை. அவருக்கு வந்த உத்தரவுக்கு எதிரானது, நிலத்தைப் பார்த்தவர் யாரும் செய்யக்கூடாதது. 1866-ல் அவர் கணவாயைத் தாண்டி மேட்டைப் பிடித்தார், ஏனென்றால் எதிரி அங்கே நிலைகொள்வதற்குள் பிடித்தாக வேண்டும். இங்கே எதிரி ஏற்கெனவே மேட்டில் குழி தோண்டி உட்கார்ந்திருக்கிறான். நாஹோட்டில் தான் நின்ற இடத்தில் இப்போது ஃப்ரோஸார் நிற்கிறார் என்பதை அவர் பார்க்கவே இல்லை.

ஆனால் 2-வது கோரை இருட்டில் இறக்கியது? அப்போது மன்னர் அங்கேயே இருந்தார், அவர் ஒப்புதல் கொடுத்தார். மோல்ட்கேயும் அருகில் இருந்தார், தடுக்கவில்லை. பிற்காலத்தில் போரைப் பற்றி எழுதியபோது, அவ்வளவு நேரம் கழித்து அந்த முன்னேற்றத்தை ஜெனரல் ஸ்டாஃப் தலைவர் அனுமதிக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று தன்னையே குறித்து மோல்ட்கே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்கு மரியாதை செய்யத்தான் வேண்டும்.

அடுத்து, சான் ப்ரிவாவைப் பாருங்கள். இரண்டாம் சேனையில், வூர்ட்டம்பர்க் இளவரசர் ஆகஸ்ட் தலைமையில் இருந்த பிரஷ்ய கார்ட்ஸ் கோர், சாக்ஸனியர்கள் சுற்றிவந்து சேர்வதற்கு முன்பே, திறந்த சரிவில் ஷஸ்போவை நோக்கி மேலே ஏறியது. சுமார் 8,000 பேரை இழந்தது, அதில் பெரும்பகுதி மிகக் குறுகிய நேரத்துக்குள். மான்ஸ் பள்ளத்தாக்கைவிடக் கொடுமையான கணக்கு இது. அதற்காக யாரையும் பதவியிலிருந்து எடுக்கவில்லை. காரணம் ஊகிக்கக் கடினமானது இல்லை: மாலையில் கிராமம் விழுந்தது, தளபதி இளவரசர். அதனால், ஆட்களை வீணாகச் சாகடித்ததற்காக ஸ்டைன்மெட்ஸை நீக்கினார்கள் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருந்திருந்தால் அன்றே இன்னும் சிலர் போயிருக்க வேண்டும்.

நீக்கத்துக்கு உடனடிக் காரணம் அதற்கு அப்புறம் நடந்தது. மெட்ஸ் முற்றுகைக்கு மொத்தப் பொறுப்பையும் ஃப்ரீட்ரிஷ் கார்லிடம் கொடுத்து, ஸ்டைன்மெட்ஸை அவருக்குக் கீழே வைத்தார்கள். தன்னைவிட முப்பத்தொரு வயது சின்னவர், ஸார் நதிக்கரையிலிருந்தே சாலைக்காகச் சண்டை போட்ட ஆள். என்ன நடக்கும் என்று நினைத்தார்கள்? அவர் இளவரசரை மேலதிகாரியாக மதிக்காமல் நடந்துகொண்டார், இளவரசர் புகார் செய்தார், மன்னர் போஸனுக்கு அனுப்பினார். ஸ்பிஷெரனுக்குப் பிறகே, ஆகஸ்ட் 7-லேயே, இந்த முடிவை எடுத்திருக்கலாம். எடுக்காமல் ஆகஸ்ட் 18 வரை விட்டுவைத்ததற்கான விலையைக் கொடுத்தவர்கள் அந்தப் பள்ளத்தாக்குச் சாலையில் நின்றவர்கள். மன்னரின் பிரியமும் மோல்ட்கேயின் தயக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. ஸ்டைன்மெட்ஸ் மறைத்து வைத்த குணம் என்று எதுவும் இல்லை, ஐம்பது வருடமாக எல்லோர் கண்ணெதிரிலும் இருந்ததுதான்.

மெட்ஸ் அக்டோபர் 27-ல் சரணடைந்தது, அவர் இல்லாமல். போர் முடிந்து ஓய்வு பெற்றபோது, 1871 ஏப்ரல் 8-ல் ஃபீல்ட் மார்ஷல் பட்டம் கொடுத்தார்கள். அதே நாளில் அதே பட்டத்தை வாங்கிய இன்னொருவர் ஹெர்வார்த், அந்தப் போரில் ஒரு சண்டையைக்கூட நடத்தாமல் ரைன் பகுதியில் இருந்தவர். ஸ்டைன்மெட்ஸ் கெர்லிட்ஸ் நகரில் போய்த் தங்கினார், 1877 ஆகஸ்டில் சிலேசியாவின் லாண்டெக் ஊற்றுநீர்க் குளியல் ஊரில் எண்பது வயதில் இறந்தார். 1889-ல் 37-வது ஃப்யூஸிலியர் ரெஜிமென்ட்டுக்கு அவர் பெயரை வைத்தார்கள். நாஹோட்டில் அவருக்குக் கீழே, 5-வது கோரில், சண்டை போட்ட ரெஜிமென்ட் அது.